சுவரில் ஒட்டிய ஒன்பது சொற்கள்

2 மார்ச்

சின்னவளுக்கு,

நாம் எழுதி வைத்திருந்த பன்னிரண்டு தேடல் சொல்லில் ஒன்பது, யானை என்று நாம் சொல்கிற அந்தப் பெரிய ஆன்லைன் கடைக்காரனின் சைட்டில் வந்துவிட்டது. நம் சைட்டில் இன்னும் ஏற்றவே இல்லை. படம் எடுக்கவில்லை, விலை போடவில்லை. அதற்குள் அவன் ஒன்பதுக்கும் தனித்தனிப் பக்கம் போட்டு உட்கார்ந்திருக்கிறான்.

போனில் சொல்லாமல் தாளில் எழுதுகிறேனே என்று நினைப்பாய். இனி இந்த விஷயம் போனிலும் கிடையாது, மெயிலிலும் கிடையாது. எங்கே யார் காது வைத்திருக்கிறார்கள் என்று தெரியாது. நீயும் தாளில் எழுதிக் கூரியரில் போடு. கையெழுத்து மோசமாக இருந்தால் பரவாயில்லை, எனக்குப் படிக்கத் தெரியும்.

நடந்ததை முதலிலிருந்து ஒரு தடவை சொல்லிப் பார்க்கிறேன், எங்கே ஓட்டை என்று தெரியட்டும். ஃப்ரிட்ஜ் கதவு ரப்பர் வெட்டி விற்கிற கடைக்கு சைட் வேண்டும் என்று நீதான் சொன்னாய். அண்ணனுக்கும் அண்ணிக்கும் நானே செய்து தருகிறேன் என்றாய். 'ஃப்ரிட்ஜ் ரப்பர்' என்று தேடினால் நம் கடைதான் முதலில் வரவேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். எட்டு மாதம் ஒன்பதாம் பக்கத்தில் கிடந்தோம். ஒன்பதாம் பக்கத்துக்கு யார் வருவார்கள், வழி தவறியவன்கூட வரமாட்டான்.

அப்புறம் நீ ஒரு வழி சொன்னாய். எந்தச் சொல்லை எடுப்பதற்கு முன்னாலும் அதன் முதல் பக்கத்தில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள் அண்ணி, பத்தும் பெரிய ஆளாக இருந்தால் எழுந்து வந்துவிடுங்கள், காலி இடம் இருக்கிற சந்தாகப் பாருங்கள் என்றாய். சரி என்று என் போன் நோட்டை எடுத்துக் கொடுத்தேன். பதினொரு வருஷமாக, போனில் கூப்பிடுகிறவர் என்ன சொல்கிறாரோ அதை அப்படியே எழுதி, பக்கத்தில் என்ன சாமான் என்று குறிப்பது என் வழக்கம். எவரும் 'கதவு ரப்பர் வேண்டும்' என்று கேட்பதில்லை. 'கதவ மூடினா தானா திறந்துக்குது' என்பார்கள். 'ராத்திரி மூடிட்டுப் படுத்தா காலைல கீழ குளம் கட்டியிருக்கு' என்பார்கள். சாமான் பேர் யாருக்கும் தெரியாது, தொல்லைதான் தெரியும். தேடும்போதும் தொல்லையைத்தான் தேடுவார்கள் என்று நான் சொன்னேன், நீ துள்ளினாய். அந்த நோட்டிலிருந்து எடுத்த நாற்பது சொல்தான் நமக்குச் சோறு போட்டது. அந்தத் தைரியத்தில்தான் பக்கத்து அறையையும் வாடகைக்குப் பிடித்தேன்.

இந்தப் பன்னிரண்டும் இரண்டாவது கட்டு. சைட்டில் இல்லாததால் வெளியாள் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. அதிலும் 'நாய்க்காது' வந்திருக்கிறது. மூலை ரப்பர் துண்டுக்கு நாய்க்காது என்று நம் கடையைத் தவிர உலகத்தில் யாரும் சொல்வதில்லை. ஊசியிலிருந்து ஏசி வரை விற்கிறவனுக்கு நாய்க்காதுமேல் என்ன திடீர்க் காதல்?

நான் சும்மா இருக்கவில்லை. தினமும் காலையில் கடை திறந்ததும் முதல் வேலை யானைக்குள் போய் அது இருக்கா, இது இருக்கா என்று கேட்டுப் பார்ப்பதுதான். எதிர்க்கடையில் என்ன சரக்கு இருக்கிறது என்று தெரியாமல் நான் என்றைக்கும் வியாபாரம் செய்ததில்லை. அதனால்தான் வந்த அன்றைக்கே கண்டுபிடித்தேன்.

தெரிந்தவர்கள் நான்கு பேர். நான், நீ, உன் அண்ணன், ரப்பர் வெட்டுகிற நம் வேலையாள் கத்திரி. நான் சொல்லவில்லை. உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டார். நேற்று கேட்டது இன்று அவருக்கே ஞாபகம் இருக்காது. மீதி இரண்டு பேர்.

குற்றம் சாட்டவில்லை. எண்ணிப் பார்த்தேன், அவ்வளவுதான்.

அண்ணி


6 மார்ச்

அண்ணிக்கு,

கடிதம் கிடைத்தது. 'மீதி இரண்டு பேர்' என்று எழுதிவிட்டு 'குற்றம் சாட்டவில்லை' என்றும் எழுத உங்களால்தான் முடியும். என்னைத் திட்டியிருந்தால்கூட ஒரு வாய் டீ குடித்துவிட்டுத் திரும்பத் திட்டியிருப்பேன். எண்ணிப் பார்த்தேன் என்கிறீர்களே, அதற்கு என்ன பதில் சொல்வது?

இருந்தாலும் நானும் எண்ணிப் பார்த்தேன். எனக்கு இரண்டு கேள்வி.

முதல் கேள்வி. ஏன் ஒன்பது? யாரோ பட்டியலை விற்றார்கள் என்றால் பன்னிரண்டையும் விற்றிருப்பார்கள். மூன்றை மட்டும் நமக்கு மிச்சம் வைக்கிற அளவுக்கு நல்ல மனசுள்ள திருடன் யார்? வராத மூன்று எவை என்று எழுதுங்கள்.

இரண்டாவது. அந்தத் தாளை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நான் எழுதிக் கொடுத்தது ஒரே தாள். என்னிடம் நகல் இல்லை. உண்மையில் இப்போது என்னைக் கேட்டால் பன்னிரண்டில் ஏழுதான் ஒழுங்காகச் சொல்வேன். இதை என் தரப்புச் சாட்சியாக எடுத்துக்கொள்ளலாம், நம்பினால்.

கத்திரியைச் சந்தேகப்படாதீர்கள் அண்ணி. அவருக்குப் போனில் பச்சைப் பட்டனும் சிவப்புப் பட்டனும் தவிர வேறு எதுவும் தெரியாது. ஒன்பது வருஷமாக உங்கள் பெஞ்சில் நாற்பத்தைந்து டிகிரி வெட்டுகிறவர்.

எனக்கு இங்கே வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது. நேரில் சொல்லலாம் என்று இருந்தேன். பெரிய விஷயமில்லை. அண்ணனிடம் எதுவும் சொல்லவேண்டாம், மறந்துவிடுவார் என்றாலும் வேண்டாம்.

உங்கள் நாத்தனார்


10 மார்ச்

சின்னவளுக்கு,

நீ கேட்ட முதல் கேள்வி நல்ல கேள்வி. அதனால் பாதி விஷயம் தெளிந்துவிட்டது. கேட்டது உனக்கே வினையாக முடியுமோ என்னவோ, தெரியாது.

தாள் வெட்டு பெஞ்சுக்கு மேலே சுவரில் ஒட்டியிருந்தது. என் மேசைக்கு நேர் எதிரே. உட்கார்ந்தால் கண்ணில் படட்டும் என்றுதான் அங்கே ஒட்டினேன். முன்பக்கம் ஒன்பது சொல். இடம் போதாமல் நீ பின்பக்கம் மூன்று எழுதியிருக்கிறாய். வராத மூன்றும் அந்தப் பின்பக்கத்து மூன்றுதான். 'வாடகை வீட்டு ஃப்ரிட்ஜ் கதவு ஓனருக்குத் தெரியாமல் சரி செய்ய' என்று நீட்டி முழக்கி எழுதியிருக்கிறாயே, அதுவும் அதில் ஒன்று.

ஆக, எடுத்தவர் சுவரைப் பார்த்து எடுத்திருக்கிறார். தாளைக் கையில் எடுத்துப் புரட்டவில்லை. சுவருக்கு முன்னால் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் ஆறு வரை நிற்கிறவர் யார்? கத்திரி.

நேற்று அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். "யார்கிட்டயாவது இந்தத் தாளப் பத்திச் சொன்னீங்களா?"

"எந்தத் தாளும்மா?"

"உங்க மூக்குக்கு நேரா ஒட்டியிருக்கே, அது."

"அதுவா? காலண்டர்னு நினைச்சேன்."

இரண்டு மாதமாகத் தேதி கிழிக்காத காலண்டரா என்று கேட்டேன். குனிந்து ரப்பர்த் துண்டுகளைப் பொறுக்க ஆரம்பித்தார். கேள்வி கேட்டதும் கீழே குனிகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். கொஞ்ச நாள் வீட்டில் இருங்கள், கூப்பிடுகிறேன் என்று அனுப்பிவிட்டேன். பக்கத்துக் கடைக்காரர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லி வைத்தேன், அவர் வந்து பேச்சுக் கொடுத்தால் ஜாக்கிரதை என்று. வேண்டாம் என்று உன் அண்ணன் சொன்னார். இந்த மாதத்தில் அவர் ஒரு விஷயத்தை இரண்டு தடவை சொன்னது இதைத்தான்.

தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். சொற்கள் இனி என் தலைக்குள்ளேதான்.

இப்போது உன் விஷயம். உன் கடிதத்தின் உறையை நீ பசையால் ஒட்டவில்லை, டேப்பால் ஒட்டியிருக்கிறாய். மஞ்சள் டேப். அதில் வரிசையாக யானையின் முத்திரை. பார்சல் வாங்குகிறவன் வீட்டில் அந்த டேப் கிழிந்த துண்டாகத்தான் இருக்கும். உன்னுடையது புதிதாகச் சுருளிலிருந்து வெட்டியது, ஓரம் பிசிறில்லாமல். ரப்பர் வெட்டுகிற கடைக்காரிக்கு ஓரம் தெரியும். 'வேலை கொஞ்சம் மாறியிருக்கிறது' என்றாயே, எங்கே மாறியிருக்கிறது?

இதற்கிடையே வியாபாரமும் நடக்கவேண்டும். ஒரு புதுச் சொல் கிடைத்திருக்கிறது. இதை உனக்கு மட்டும் சொல்கிறேன், உன் அண்ணனுக்கும் தெரியாது. மூன்று பேர் இந்த வாரம் போனில் 'பாம்புத்தோல் ரப்பர்' இருக்கா என்று கேட்டார்கள். பழசாகித் தோல் உரிகிற ரப்பரைச் சொல்கிறார்கள் போலிருக்கிறது. எப்படிப் பக்கம் எழுதலாம் என்று யோசித்து வை.

அண்ணி


14 மார்ச்

அண்ணிக்கு,

டேப் விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. நான் ஜனவரியிலிருந்து யானையில் வேலை செய்கிறேன். வாரம் மூன்று நாள், ஒப்பந்த வேலை. மிக்ஸி, கிரைண்டர், டோஸ்டர் பக்கங்களில் விவரக்குறிப்பு எழுதுகிறேன். கண்ணாடிக் கதவுள்ள கூடத்தில் அறுபது மேசை, அதில் ஜன்னல் இல்லாத பக்கத்து மேசை என்னுடையது. கழுத்தில் அட்டை மாட்டிக்கொண்டு போகிறேன். உங்களிடம் சொல்லவில்லை.

ஏன் சொல்லவில்லை என்றால், சொன்னால் நீங்கள் எண்ணுவீர்கள் என்று தெரியும். வேறு காரணம் எதுவும் இல்லை. சொல்லாமல் விட்டது தப்பு. அதை மட்டும் ஒத்துக்கொள்கிறேன். அங்கே உங்கள் கடைப் பேரை ஒரு தடவைகூட நான் வாயில் எடுத்ததில்லை. நம் சைட்டில் வருகிறதைக் கொண்டு என் வீட்டு வாடகை கட்ட முடியாது அண்ணி. ஒன்றரை வருஷமாக உங்களிடம் ஒன்றும் கேட்காமல்தான் செய்தேன், அண்ணன் கடை என்று. நீங்களும் 'உனக்கு என்ன வேண்டும்' என்று கேட்டதில்லை. அதைப் புகாராகச் சொல்லவில்லை. உங்கள் பாணியில் சொன்னால், எண்ணிப் பார்த்தேன்.

கத்திரியை அனுப்பியது அநியாயம். தயவுசெய்து கூப்பிடுங்கள்.

பாம்புத்தோல் பற்றி யோசித்தேன். தேடிப் பார்த்ததில் அந்தச் சொல்லில் ஒருவரும் உட்கார்ந்திருக்கவில்லை. காலி இடம் நல்லதுதான். ஆனால் காலியாக இருப்பதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, யாரும் இன்னும் கண்டுபிடிக்கவில்லை. இன்னொன்று, யாரும் கேட்பதே இல்லை. மூன்று பேர் நிஜமாகவே கேட்டார்களா? நோட்டில் அவர்கள் சொன்னதை அப்படியே எழுதியிருந்தால் அந்த வரிகளை அனுப்புங்கள். ஏனோ அது உங்கள் நோட்டுச் சொல் மாதிரி இல்லை.

உங்கள் நாத்தனார்


24 மார்ச்

சின்னவளுக்கு,

கடிதம் தாமதமானதற்குக் காரணம் பல். பத்தொன்பதாம் தேதி வியாழக்கிழமை கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். பதினொரு வருஷத்தில் முதல் தடவையாக வேலை நாளில் கடை திறக்கவில்லை. கன்னம் வீங்கிய முகத்தோடு எழுதினால் வார்த்தையும் வீங்கும் என்று காத்திருந்தேன். இப்போது வீக்கம் இல்லை. நிதானமாகத்தான் எழுதுகிறேன்.

பாம்புத்தோல் ரப்பர் என்று ஒன்று கிடையாது. யாரும் கேட்கவில்லை. அது நானாக உண்டாக்கிய சொல். உனக்கு மட்டும், கூரியர் உறையில் வைத்து, நாலு பக்கமும் பசை தடவி அனுப்பினேன்.

நேற்று திங்கட்கிழமை காலை யானையில் பாம்புத்தோல் ரப்பருக்கு ஒரு பக்கம் வந்திருக்கிறது. தலைப்பு, கீழே நாலு வரி, 'தற்போது கையிருப்பில் இல்லை' என்று ஒரு சிவப்புக் கட்டம். உலகத்தில் இல்லாத சாமானுக்குக் கையிருப்பில் இல்லையாம். அந்தப் பக்கத்தை நான் நாலு தடவை படித்தேன். உன் அண்ணனைக் கூப்பிட்டுக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பப் போட்டுக்கொண்டார்.

கத்திரி ஒன்பதாம் தேதியே போய்விட்டார். அவருக்கு இந்தச் சொல் தெரியாது. ஆக அவர் இல்லை. அது தெரிந்ததும் பெஞ்சைப் பார்த்தேன். தன் கத்திரிக்கோலை அவர் அங்கேயே வைத்துவிட்டுப் போயிருக்கிறார், எண்ணெய் போட்டு, துணியில் சுற்றி. திரும்பி வருகிறவர் மாதிரி வைத்திருக்கிறார். அந்தத் துணியைப் பிரிக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

நீ மிக்ஸி பக்கம்தான் எழுதுகிறாய் என்றாய். அட்டை மாட்டிக்கொண்டு போகிறேன் என்றாய். அங்கே நம் பேரை எடுத்ததில்லை என்றாய். நான் ஒரு சொல்லைத்தான் கொடுத்தேன், அது பதின்மூன்று நாளில் போய்ச் சேர்ந்துவிட்டது. இதற்கு மேல் எண்ண எனக்கு ஒன்றுமில்லை.

சைட்டின் சாவி, பாஸ்வேர்டு எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதி அனுப்பு. வேறு ஆள் பார்த்துக்கொள்கிறேன். பணம் வேண்டியிருந்தால் கேட்டிருக்கலாம். ஒன்றரை வருஷம் நானும் கேட்கவில்லை, உண்மைதான். அதை நான் என் தலையில் போட்டுக்கொள்கிறேன். ஆனால் கேட்காமல் விட்டதற்கு இது பதில் இல்லை.

அண்ணி


28 மார்ச்

அண்ணிக்கு,

சாவித் தாள் இதோடு இருக்கிறது. மஞ்சள் டேப் போடவில்லை, பசைதான். முதலில் அதை எடுத்துப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் மீதியைப் படியுங்கள், படிக்க மனசிருந்தால்.

உங்கள் கடிதத்தைப் படித்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, பயம் வந்தது. ஏனென்றால் உங்கள் கணக்கில் பிழையே இல்லை. சொல் எனக்கு மட்டும் தெரியும், சொல் அங்கே போயிருக்கிறது. நான் நீங்களாக இருந்தால் நானும் என்னைத்தான் பிடித்திருப்பேன். இரண்டு நாள், தூக்கத்தில் ஏதாவது உளறினேனா என்றுகூட யோசித்தேன்.

மூன்றாம் நாள் வேலைக்குப் போனேன். எங்கள் வரிசையில் ஃப்ரிட்ஜ், வாஷிங் மெஷின் பக்கமெல்லாம் பார்ப்பது என் பக்கத்து மேசைக்காரி. நன்றாகச் சிரிக்கிறவள், என் சார்ஜரை மாதத்தில் இருபது நாள் அவள்தான் வைத்திருப்பாள். பாம்புத்தோல் ரப்பர் என்ற பேரை எடுக்காமல் பொதுவாகக் கேட்டேன். "உனக்குப் புதுப் பக்கம் போடச் சொல்லி யாரு சொல்றாங்க?"

"யாரு சொல்லணும்? திங்கட்கிழமை லிஸ்ட் வரும்ல. உள்ள வந்து தேடிட்டு, இல்லன்னு போறாங்கல்ல, அந்த லிஸ்ட். ஒரே சொல்ல வாரத்துல பதினஞ்சு தடவைக்கு மேல தேடியிருந்தா மெஷினே பக்கம் போட்டுடும். நான் எழுத்த மட்டும் சரி பண்ணுவேன்."

"சாமான் இல்லாமலா?"

"சாமான் அப்புறம் தேடிக்குவாங்க. பக்கம் மொதல்ல உக்காரணும்." அப்புறம் அவளாகவே சிரித்தாள். "ஆனா ஒரு ஊர்க்காரங்களுக்கு ரப்பர் மேல என்ன ஆசைன்னே புரியலடி. யாரோ தினம் காலைல கரெக்டா வந்து கதவத் தட்டுறாங்க. பத்துப் பதினஞ்சு சொல் கேக்குறாங்க. வாங்கறதே இல்ல. எட்டே முக்காலுக்கு வந்தா ஒம்பதேகாலுக்குப் போயிடுறாங்க."

திரையைத் திருப்பிக் காட்டினாள். அது வெளியே கொண்டுவரக்கூடாத பட்டியல், நான் கொண்டுவரவில்லை. நம்மைப் பற்றி நான் கண்ணால் பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். தேடியவர் பேர் இல்லை. ஊரும் நேரமும் மட்டும் இருந்தது. ஊர், உங்கள் ஊர். நேரம், கடை திறந்ததும். பாம்புத்தோல் ரப்பர்: திங்கள் நான்கு தடவை, செவ்வாய் மூன்று, புதன் ஐந்து, வெள்ளி மூன்று, சனி நான்கு.

வியாழன், பத்தொன்பதாம் தேதி, பூஜ்யம்.

அண்ணி, அன்றைக்கு உங்களுக்குப் பல் பிடுங்கினார்கள்.

பிப்ரவரிப் பட்டியலையும் காட்டினாள். 'நாய்க்காது' இருந்தது. 'கீழே குளம்' இருந்தது. சுவரில் ஒட்டியிருந்த ஒன்பதும் அதே வரிசையில், மேலிருந்து கீழே இருந்தது. பின்பக்கத்து மூன்று ஏன் போகவில்லை என்று இப்போது தெரிகிறதா? திருடன் தாளைப் புரட்டவில்லை என்று நீங்கள் சொன்னது சரிதான். உங்கள் நாற்காலியில் உட்கார்ந்தால் பின்பக்கம் தெரியாது.

யானையில் இருக்கிறதா இருக்கிறதா என்று யானையிடமே போய்க் கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் சொல்லக்கூட உங்களுக்குப் போன் ஆகவில்லை, மெயில் ஆகவில்லை. பசை தடவி அனுப்பினீர்கள். அவர்கள் தேடல் பெட்டியில் மட்டும் தினமும் உங்கள் கையாலேயே தட்டிப் போட்டீர்கள்.

எனக்கு இதை எழுதுவதில் கொஞ்சம் சந்தோஷம் இருக்கிறது, மறைக்கவில்லை. ஆனால் நினைத்த அளவுக்கு இல்லை. கத்திரி பத்தொன்பது நாளாக வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

உங்கள் நாத்தனார்


2 ஏப்ரல்

சின்னவளுக்கு,

உன் கடிதத்தை நான் நம்பவில்லை. அதனால் என்னையே சோதித்துப் பார்த்தேன். முப்பதாம் தேதி முதல் மூன்று நாள் யானைக்குள் காலடி வைக்கவில்லை. அதற்குள் எத்தனை தடவை கை தானாகப் போனது என்று உனக்குச் சொல்லமாட்டேன். உன் அண்ணன் மூன்றாம் நாள் சொன்னார்: "காலைல அந்தப் பொட்டியத் தட்டாம உனக்கு டீயே இறங்கலயே. இதத்தான் நான் ஜனவரிலயே கேட்டேன், எதுக்கு அவன் கடைல போய்த் தெனமும் கேக்குறேன்னு. நீ உங்க வேலையப் பாருங்கன்னுட்ட."

ஜனவரியில் கேட்டது ஏப்ரலில் அவருக்கு ஞாபகம் இருக்கிறது. அவருடைய மறதியைப் பற்றி இனி நான் பேச்சே எடுக்கமாட்டேன்.

சின்னவளே, எனக்கு வெட்கம் எதில் தெரியுமா? இது எனக்குத் தெரியாத வித்தை இல்லை. நடைபாதையில் சாக்கு விரித்து வாஷர் விற்ற காலத்தில், எதிரே இருந்த பெரிய கடைக்காரன் என்னை நகரச் சொல்லித் தினமும் தொல்லை கொடுத்தான். தெரிந்தவர்கள் ஐந்து பேரைத் தினம் ஒருவராக அவன் கடைக்கு அனுப்பி, எங்குமே ஓடாத ஒரு பித்தளை மூடியைக் கேட்கச் சொன்னேன். ஆறாம் நாள் அவன் ஒரு பெட்டி வாங்கி அடுக்கினான். கடை மூடுகிறவரை அது அங்கேயே இருந்தது. நாலு பேர் கேட்டால் வியாபாரி வாங்கி வைப்பான் என்பதை வைத்தே பிழைத்தவள் நான். கண்ணாடித் திரைக்குப் பின்னாலும் ஒரு வியாபாரிதான் உட்கார்ந்திருக்கிறான் என்று தோன்றாமல் போய்விட்டது. வெறும் பெட்டி என்று நினைத்துவிட்டேன்.

தினமும் கண்டதையும் தட்டி யானையை ஒரு மாதம் சுற்ற விடலாமா என்று ஒரு யோசனை வந்தது. பொய் சொல்லவில்லை, இரண்டு நாள் அதையே யோசித்தேன். அந்த எழுத்தையெல்லாம் உட்கார்ந்து சரி செய்யப்போவது உன் சார்ஜரை எடுக்கிற பெண் என்று ஞாபகம் வந்ததும் விட்டுவிட்டேன்.

நேற்று கத்திரி வீட்டுக்குப் போனேன். மாடிப்படியில் உட்கார்ந்து குடை ரிப்பேர் செய்துகொண்டிருந்தார். எழுந்திருக்கவில்லை.

"என்னம்மா, இன்னும் ஏதாவது காணாமப் போச்சா?"

"காணாமப் போனது எப்படின்னு தெரிஞ்சுபோச்சு."

"யாரு?"

"நான்தான்."

குடைக்கம்பியை ஒரு தடவை விரித்துப் பார்த்தார். மடக்கினார். "அப்ப உங்கள எப்ப வீட்டுக்கு அனுப்பப்போறீங்க?"

உள்ளே அவர் மனைவி சிரிக்கிற சத்தம் கேட்டது. எனக்கும் சிரிப்பு வந்தது, ஆனால் வாயைத் திறக்க முடியவில்லை. பல் பிடுங்கிய இடம் வலித்தது என்று வைத்துக்கொள்.

வருகிறேன் என்றார், மூன்று நிபந்தனையோடு. வீட்டில் இருந்த நாளுக்குச் சம்பளம். சுவரில் இனி எதுவும் ஒட்டக்கூடாது, காலண்டரைத் தவிர. மூன்றாவதைச் சொல்லும்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். "பக்கத்துக் கடைக்காரங்ககிட்ட என்னப் பத்திச் சொன்னீங்கல்ல. அதே வாயால, அதே கடைங்களுக்குப் போய், திருப்பிச் சொல்லிட்டு வரணும். நான் கூட வரமாட்டேன். நீங்க போய்ட்டு வந்ததும் எனக்கே தெரிஞ்சிடும்."

ஏழு கடை. இன்று காலை ஏறி இறங்கினேன். ஆறு கடையில் 'பரவாயில்லம்மா' என்றார்கள். டயர்க் கடைக்காரர் மட்டும், "அப்பவே நாங்க நம்பலியே" என்றார். அது அதிகமாக உறுத்தியது.

இனி உன் விஷயம். உன்னைச் சந்தேகப்பட்டது தப்பு. சொல்லிவிட்டேன், இன்னொரு தடவை கேட்காதே.

பின்பக்கத்து மூன்று சொல்லுக்கும் நேற்று நானே படமெடுத்து, ஏற்றச் சொல்லி உனக்கு அனுப்பியிருக்கிறேன், தனிக் கவரில் வரும். சாவித் தாளையும் அதிலேயே திருப்பி வைத்திருக்கிறேன். வேறு ஆள் யாரையும் நான் தேடவில்லை. கூடவே போன் நோட்டின் கடைசி மூன்று வருஷத்து நகல். நோட்டை வெளியே விடுவது இதுதான் முதல் தடவை.

ஒன்றரை வருஷமாகக் கேட்காததை இப்போது கேட்கிறேன். உனக்கு என்ன வேண்டும்? நீ சொல்ல யோசிப்பாய், அதனால் நானே சொல்கிறேன். யானை வேலையை விடாதே, வாடகை முக்கியம். மீதி நாள் நமக்குச் செய். சைட் வழியாக வருகிற ஒவ்வொரு ஆர்டரிலும் நூற்றுக்குப் பன்னிரண்டு உனக்கு. பதினைந்து கேட்பாய். பன்னிரண்டுதான்.

அண்ணி


6 ஏப்ரல்

அண்ணிக்கு,

மூன்று பக்கத்தையும் ஏற்றிவிட்டேன். வாடகை வீட்டுச் சொல்லில் இரண்டே நாளில் முதல் பக்கத்துக்கு வந்துவிட்டோம், நான்காவது இடம். மேலே இருக்கிற மூன்றும் யாரோ எப்போதோ கேட்டு யாருமே பதில் சொல்லாத கேள்விகள். ஒரு ஆர்டர்கூட வந்திருக்கிறது, பார்த்திருப்பீர்கள். 'வீட்டுக்காரர் கீழேயே இருக்கிறார், பார்சலில் கடைப் பேர் வேண்டாம்' என்று குறிப்பு எழுதியிருக்கிறார். தயவுசெய்து சாதாரண டேப் போடுங்கள். நோட்டின் நகலை ஒரே மூச்சில் படித்தேன், கதை மாதிரி இருக்கிறது.

பதினைந்து என்று கேட்கத்தான் இருந்தேன். ஆனால் வேண்டாம். பன்னிரண்டே போதும். மீதி மூன்றுக்குப் பதிலாக ஒன்று கேட்கிறேன். இனிமேல் என்மேல் சந்தேகம் வந்தால் முதலில் என்னிடம் நேராகக் கேட்கவேண்டும். பொறி வைக்கக்கூடாது. இதற்கு ஒத்துக்கொண்டால் பன்னிரண்டுக்குக் கையெழுத்துப் போடுகிறேன்.

உங்கள் நாத்தனார்


9 ஏப்ரல்

சின்னவளுக்கு,

வாடகை வீட்டுப் பார்சல் போய்விட்டது. வெள்ளை டேப், பேர் இல்லை. கத்திரியே கட்டினார். பெஞ்சில் துணியைப் பிரித்ததும் அவர்தான்.

நீ கேட்டதை உன் அண்ணனிடம் படித்துக் காட்டினேன். "ஒத்துக்கோ, காசில்லாத விஷயம்தானே" என்றார். அவருக்கு வியாபாரம் தெரியாது. செய்ய முடியாததற்கு நான் வாக்குக் கொடுப்பதில்லை. சந்தேகப்படாமல் எனக்கு ஒரு நாள்கூடக் கடை நடத்தத் தெரியாது. உனக்குப் பொறியே வைக்கமாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால் அது இல்லாத சரக்குக்குப் பக்கம் போட்ட மாதிரி. யானை செய்யட்டும் அதை.

ஆகவே முடிவு இது. நூற்றுக்குப் பதினைந்து, மாதா மாதம் ஐந்தாம் தேதி. பொறி வைத்தால், வைத்த அன்றைக்கே உனக்குப் போனில் சொல்லிவிடுவேன்.

அண்ணி